நெகட்டிவ் என்று வந்த பிறகும்

நாமக்கல்

அன்புள்ள அம்மிணி,

குழந்தைகள் வார்டில் டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே இருக்கிறேன். போனில் சொன்னால் பாதிதான் வரும்.

என்னைப் போன்ற எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் அங்கே வருவார்கள். கையில் உன்னைப் போலவே நோய் தொற்றாமல் பிறந்த பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

நீ பிறந்த 2003-ல், வலி எடுத்ததும் எனக்குக் கிருமி பிள்ளைக்குப் போகாமல் தடுக்கும் நெவிரபின் மாத்திரை ஒன்று, பிறந்ததும் உனக்கு அதே மருந்து சிரப்பாக. அவ்வளவுதான் கிடைத்தது. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்துகளை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில். உங்க ஆத்தா சேனை தொட்டு வைக்கணும் என்று சர்க்கரைத் தண்ணியோடு வந்து நின்றார். நான் விடவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், கூட எதையாவது கலந்து கொடுத்தால் குடல் புண்ணாகிக் கிருமிக்கு வழி கிடைத்துவிடும் என்று கவுன்சிலர் அக்கா சொல்லியிருந்தார்.

சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்கு வரை தொற்றும். இன்று கர்ப்பத்திலிருந்தே மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் 5 பேருக்கும் கீழே. ஆறாவது வாரத்திலேயே குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். அன்றைக்கு 18 மாதம் காத்திருந்தேன். அன்றைய பரிசோதனை கிருமியைப் பார்க்காது, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்பொருளைத்தான் பார்க்கும். என் உடம்பிலிருந்து உனக்கு வந்த எதிர்பொருள் மறைய அவ்வளவு நாளாகும்.

நெகட்டிவ் என்று வந்தது. சரி, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். உனக்கு எடையே ஏறவில்லை. சளி, பேதி என்று மாறி மாறி வந்தது. உன் வயசுப் பிள்ளைகள் வார்த்தை சேர்த்துப் பேசும்போது நீ கையைக் காட்டித்தான் கேட்பாய். அங்கன்வாடி டீச்சர்தான் மாதாமாதம் எடை போட்டு, தினமும் முட்டை கொடுங்க, எந்நேரமும் அவகூடப் பேசிக்கிட்டே இருங்க என்று விரட்டினார். மூன்று வயசுக்கு மேல் நீ பேச ஆரம்பித்ததும் வீடே கொள்ளவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் நிமோனியாவும் பேதியும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும், சிலருக்கு வளர்த்தியும் பேச்சும் கொஞ்சம் பிந்தும் என்று இப்போது ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி குறைவு, குறைமாதப் பிரசவம், வீட்டில் வறுமை, அப்பன் இல்லாத குடும்பம் என்று காரணம் பல. உங்கப்பா லாரியிலிருந்து நோயோடு வந்து படுத்த பிறகு நம் வீட்டில் இவை எல்லாமே இருந்தன, குறைமாதத்தைத் தவிர.

அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அனுப்பிவிடாதே கண்ணு. எடை, உயரம், தடுப்பூசி பார். கூப்பிட்டால் திரும்புகிறதா, என்ன வார்த்தை சொல்கிறது என்று கேள். பிந்தினால் மாவட்ட ஆஸ்பத்திரியில் வளர்ச்சி பிந்தும் பிள்ளைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடு.

அப்புறம், வார்டில் நாலு பேர் முன்னால் ‘அந்தக் கேஸ்’ என்று யாரும் சொல்ல விடாதே. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. தாய் மாத்திரை சாப்பிடுகிறாளா, அவளுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்றும் கேள். அவள் திடமாக இருந்தால்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் உன்னிடம் வருவாள்.

அன்புடன்,
அம்மா