பழைய வண்டிகளுக்குச் செயின், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஆர்.எக்ஸ். 100க்கு செயின் செட் வேண்டும்" என்று ஒரு வரி மட்டும் வந்தால் இனி உடனே பார்சல் கட்ட மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருடம் ஓடிய வண்டியில் எந்த மெக்கானிக் எதை மாட்டினார் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. வண்டியின் பெயரைவிட, கழற்றிய பாகத்தைத்தான் நம்பலாம். அதை அளந்து அனுப்புங்கள்.

முதலில் செயினை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பக்கத் தகட்டில் 420, 428 என்பது போல செயின் அளவு எண் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். தெரியாவிட்டால் பிட்ச் பார்க்க வேண்டும், அதாவது ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை உள்ள தூரம். ஒன்றை மட்டும் அளந்தால் பிசகும்; செயினை இழுத்துப் பிடித்துப் பத்துப் பிட்ச் சேர்த்து அளந்துவிடுங்கள். 127 மி.மீ. வந்தால் அரை அங்குலம். 159 பக்கம் வந்தால் 5/8 அங்குலம். தேய்ந்த செயினில் ஒன்றிரண்டு மி.மீ. கூடத்தான் காட்டும். ஆர்.எக்ஸ். 100, ஸ்ப்ளெண்டர் எல்லாம் அரை அங்குலம். பழைய புல்லட்டின் பின் செயின் 5/8.

அப்புறம் அகலம். சைக்கிள் செயினுக்கும் அரை அங்குலப் பிட்ச்தான், ஆளை மாற்றிக் காட்டுவது அகலம். உள் தகடுகளுக்கு நடுவே வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வையுங்கள்: 420 எண் செயினுக்கு 6.35 மி.மீ., 428க்கு 7.94. பிட்ச் 5/8 உள்ளவற்றில் 520க்கு 6.35, 530க்கு 9.53. 530 செயின் 520 ஸ்ப்ராக்கெட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். 520 செயினோ 530 பல்லில் ஏறவே ஏறாது.

ஸ்ப்ராக்கெட் என்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு எண்ணுங்கள். போல்ட் துளை எத்தனை, நடுத்துளை எவ்வளவு என்பதும் வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் தட்டையா, ஒரு பக்கம் மேடா என்றும் சொல்லுங்கள்.

பழைய சைக்கிளில் காட்டர் பின்தான் வம்பு, அதாவது பெடல் மாட்டும் கிராங்கை அச்சோடு இறுக்கும் பின். 9.5 மி.மீ. உண்டு, 9 மி.மீ.யும் உண்டு. அரை மி.மீ.தானே என்று சுத்தியலால் அடித்து ஏற்றினால் கிராங்க் துளையே போய்விடும். பி.பி. கப்பில் (கிராங்க் அச்சு சுழலும் இடத்தில் இரு பக்கமும் திருகும் கிண்ணம்) அங்குலத்துக்கு 24 மரை வழக்கம். பழைய ராலே சைக்கிளில் 26 இருக்கும். இடது பெடலும் வலது கப்பும் எதிர்மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சந்தேகமாக இருந்தால் பாகத்தையே கூரியரில் அனுப்பிவிடுங்கள். ஒத்துப் பார்த்து, புதியதோடு சேர்த்துப் பழையதையும் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்