முதலில் ஒரு உருண்டை

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கம்பளியை ஊசியால் குத்திச் செய்த பொம்மையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மா முயல் என்றாள், நான் நரி என்றேன். பக்கத்தில் இருந்த பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் நாய்க்குட்டி என்று தெரிந்தது. சரி, கோபித்துக்கொள்ளாதே. "ரெண்டு ஊசி ஒடிஞ்சுடுச்சுப்பா, தலை நிக்கவே மாட்டேங்குது, எனக்கு இதெல்லாம் வராது" என்று நீ புலம்பியதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் குளிரில் ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

முதலில் அந்த நாய்க்குட்டியைத் தூக்கி ஓரமாக வை. கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்யும் இந்த நீடில் ஃபெல்டிங் வேலைக்குப் பெட்டி விற்பவர்களுக்கு மேலே ஒரு குட்டிப் பிராணி படம் போட்டால்தான் வியாபாரம். வாங்குகிறவருக்கோ நாலு கால், ஒரு வால், ரெண்டு காது, மூஞ்சி என்று எல்லாமே தனித்தனி வேலை. அதில் ஒன்றும் தெரியாமலே அத்தனையையும் ஒரே ராத்திரியில் செய்யப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். உனக்கு வராது என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஆரம்பித்த இடம்தான் தப்பு. நீ செய்ய வேண்டியது ஒரு உருண்டை. எலுமிச்சம்பழ அளவில், ஒரே நிறத்தில், வெறும் உருண்டை.

அதற்கு முன்னால் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார். முக்கால்வாசி ஊசிகளுக்கு மூன்று பட்டை இருக்கும். அந்தப் பட்டைகளின் விளிம்பில் மிகச் சிறிய வெட்டுகள் இருக்கும், நகத்தால் உரசினால் தட்டுப்படும். காசிமேட்டில் தூண்டில் முள்ளைப் பார்த்திருக்கிறாய். உள்ளே போனது வெளியே வராதபடி அதன் எதிர்முள் பின்பக்கமாகப் பார்த்திருக்கும். இந்த ஊசியில் அப்படியே நேர்மாறு. வெட்டுகள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் குத்தும்போது கம்பளி இழையை உள்ளே தள்ளிக்கொண்டு போகும், எடுக்கும்போது இழையை உள்ளேயே விட்டுவிட்டு வரும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் வேறு உண்டு. சிக்கியது சுலபத்தில் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் மெஷினில் போட்டுவிட்டால் குழந்தை சைஸுக்குச் சுருங்கிவிடுமே, அதுவும் இந்தச் செதில் செய்யும் வேலைதான். அங்கே தண்ணீரும் உரசலும் செய்வதை இங்கே ஊசி தண்ணீர் இல்லாமல் செய்கிறது. நூலும் கிடையாது, முடிச்சும் கிடையாது.

இந்த ஊசி கைவேலைக்காக வந்ததே இல்லை, தெரியுமா? இது தொழிற்சாலை மெஷின் ஊசி. ஒரு பலகையில் ஆயிரக்கணக்கான ஊசிகளைப் பதித்து, மேலும் கீழுமாக இறக்கி ஏற்றி, நெய்யாமலே துணி செய்வார்கள். காரில் கால் வைக்கும் இடத்தில் விரிக்கும் கார்பெட், ஃபில்டர் துணி எல்லாம் அப்படி வருவதுதான். 1980களில் அமெரிக்காவில் எலினோர், டேவிட் ஸ்டான்வுட் என்ற தம்பதிதான் அந்த ஊசியைத் தனியாகக் கையில் பிடித்து உருவங்கள் செய்யத் தொடங்கினார்கள். ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராகக் காலம் தள்ளியவனுக்கு இதைப் படித்ததும் ஒரு குஷி வந்துவிட்டது. போன முறை நீ விட்டுவிட்டுப் போன டப்பாவை நான் எடுத்து வைத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். பொழுதுபோகாத கிழவன் பொம்மை செய்கிறான் என்று மாடியில் குடியிருப்பவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஊசி ஏன் ஒடிந்தது? நீ குத்திய பிறகு பக்கவாட்டில் நெம்பியிருப்பாய். இந்த ஊசி குத்துவதற்கு மட்டும்தான், நெம்புவதற்கு இல்லை. எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் வெளியே வர வேண்டும். சாய்த்துக் குத்தலாம், பாதியில் சாய்க்கக் கூடாது. வேகமும் வேண்டாம், பலமும் வேண்டாம். ஒடிந்த நுனி எங்கே போனது என்று தேடி எடுத்தாயா? எடுக்காவிட்டால் அந்த நாய்க்குட்டியை எந்தக் குழந்தை கையிலும் கொடுக்காதே.

பார்வை எப்போதும் ஊசியில் இருக்க வேண்டும். பிடித்திருக்கும் விரல் ஊசி இறங்கும் பாதையில் இருக்கக் கூடாது. டிவி பார்த்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. குத்தினால் அந்த வெட்டுகள் சதையையும் கிழிக்கும். பெட்டியில் தோல் விரலுறை இருந்தால் போட்டுக்கொள், வெட்கப்படாதே.

நம்பர் விஷயம் கேட்டிருந்தாய். கேஜ் என்கிற அந்த நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். கம்பிக்கும் தகட்டுக்கும் அதே கணக்குதான், அதனால் எனக்குக் குழப்பமே வரவில்லை. 36 தடிமன், முரட்டு வேலைக்கு. 38 நடுத்தரம், உன் வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். 40 மேல்பூச்சுக்கு, குத்திய குழிகளை மறைக்க. 42 இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பத்து விதமாகச் சேர்த்து வைக்காமல் 38 நிறைய வாங்கு, 36, 40 கொஞ்சம் போதும். கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. நீ இங்கே விட்டுப்போன நெயில் பாலிஷில் தலைப்பக்கம் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிறம் தொட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சிவப்பு இனி உனக்குக் கிடைக்காது.

இங்கே எனக்கு இருக்கும் தொல்லை துரு. கடல் காற்றில் ஒரு வாரம் வெளியே கிடந்தாலே ஊசி கறுத்துவிடுகிறது. மாத்திரை பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைக்கிறேன். உனக்கு அந்தக் கவலை இருக்காது.

கம்பளிக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். உன் பெட்டியில் இருப்பது மெரினோ ஆட்டின் கம்பளி என்று படத்திலேயே தெரிகிறது. வழவழவென்று, சீவி நீளவாக்கில் அடுக்கிய இழை. தொட்டால் சுகமாக இருக்கும், ஆனால் ஊசிக்குச் சீக்கிரம் அடங்காது. கற்றுக்கொள்ள அது சரிப்படாது. கொஞ்சம் முரடான கம்பளிதான் சீக்கிரம் இறுகும். நீ இருப்பதோ ஸ்காட்லாந்தில். ஷெட்லாண்ட் ஆடு உங்கள் நாட்டுச் சரக்கு, அதைக் கேட்டுப் பார். சீவி அடுக்கியதாக இல்லாமல், இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கிற பாளமாக வாங்கு. உள்ளே அது, மேலே மெல்லியதாக உன் மெரினோ நிறங்கள். ஏற்கனவே வாங்கியதும் வீணாகாது.

இங்கே என்ன நிலைமை என்று கேட்டால் சிரிப்பாய். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் மேய்வதெல்லாம் மெட்ராஸ் ரெட் செம்மறி. அதற்கு உடம்பில் வெறும் முடிதான், கம்பளி கிடையாது. பிரியாணிக்கு உதவும், ஃபெல்டிங்குக்கு உதவாது. கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டைத் தேட வேண்டும். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். தலையணை இலவம்பஞ்சில் செய்யக் கூடாதா என்று அம்மா கேட்டாள். அந்த இழைக்குச் செதிலும் இல்லை, நீளமும் இல்லை. எத்தனை குத்தினாலும் பறக்கத்தான் செய்யும்.

இனி உருண்டை. கம்பளியைக் கத்தரிக்கோலால் வெட்டாதே. இரண்டு கையையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக இழு, தானாகப் பிரியும். கை நெருங்கியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. நீ நினைக்கும் அளவைவிட நிறையவே எடு, குத்தக் குத்தச் சுருங்கும். ஒரு முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டு, பக்கங்களை உள்ளே மடித்துக்கொண்டே வா. அப்புறம் குத்து. முதலில் ஆழமாக, நடுவைத் தொடும்படி. நாலு குத்துக்கு ஒருமுறை திருப்பு. ஒரே பக்கம் குத்தினால் தட்டையாகிவிடும், அடியில் வைத்திருக்கும் ஸ்பாஞ்சோடும் ஒட்டிக்கொள்ளும்.

உன் நாய்க்குட்டியின் தலை நிற்காததற்கும் இதுதான் காரணம். பார்க்க அழகாக வர வேண்டும் என்று மேலாகவே குத்தியிருக்கிறாய். மேல்தோல் இறுகிவிட்டது, உள்ளே பொசபொசவென்று கிடக்கிறது. அதற்கு மேல் எதைப் பொருத்தினாலும் ஆடத்தான் ஆடும். உள்ளே இறுகிய பிறகுதான் மேலே மெதுவாக, ஆழமில்லாமல் குத்த வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார், பள்ளம் நிற்கக் கூடாது.

அடியில் வைக்கும் ஸ்பாஞ்ச் சீக்கிரம் பிய்ந்து, தூள் கம்பளியில் ஒட்டும். அதற்குப் பதில் சணல் சாக்குத் துணியில் பை தைத்து அரிசியை நிரப்பிக்கொள். இப்போது அரிசி வருவதெல்லாம் பிளாஸ்டிக் சாக்கில். சணல் துணிக்காக நான் பாரிஸ் கார்னர் வரை போய்வர வேண்டியிருந்தது. ரேஷன் அரிசியை எடுத்தேன் என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள், அதில் வண்டு வந்தது தனிக் கதை.

உருண்டை நன்றாக வந்துவிட்டால் அடுத்ததாக நாய்க்குட்டிக்குப் போகாதே, வவ்வால் மீன் செய். காலும் இல்லை, கழுத்தும் இல்லை. தட்டையான உடம்பு, ரெண்டு துடுப்பு, ஒரு வால். துடுப்புக்கான கம்பளியை முதலிலேயே சரிபாதியாகப் பிரித்து வைத்துக்கொள், இல்லையென்றால் ஒன்று பெரிதாகிவிடும். உடம்போடு சேரும் முனையைக் குத்தாமல் தளர்வாக விட்டு வை. அந்தத் தளர்ந்த இழைதான் உடம்புக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். காதோ வாலோ காலோ, எதை ஒட்டவும் இதே வழிதான். கண்ணுக்குக் கறுப்பு மணி தைக்கலாம், அல்லது ஒரு சிட்டிகை கறுப்புக் கம்பளி போதும். எனக்குக் கம்பளிதான் பிடிக்கும். மணி வைத்தால் மீன் முறைக்கிறது.

நான் செய்தவை நாலைந்து ஷோகேஸில் இருக்கின்றன. அம்மாவுக்கு அதில் வஞ்சிரம் மட்டும்தான் பிடித்திருக்கிறது. உனக்கு அனுப்பலாமா என்று கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் வரும்போது உருண்டையையும் ஒரு நல்ல கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைத்திரு. குறுக்கே வெட்டி நடுவைக் காட்டச் சொல்வேன். இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை வெட்டுவதா என்று அழக் கூடாது. நடு இறுகியிருந்தால் மீன், இல்லையென்றால் இன்னொரு உருண்டை.

இப்படிக்கு,
அப்பா