பத்திரம் எழுதும் முன்னால் ஒரு கடிதம்

கோமதிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததா, இல்லை இன்னும் உனக்குத் தெரியாமல் அல்வா உள்ளே போகிறதா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிட்டி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆவணியில் உங்கள் அம்மா வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிவைக்கப் போகிறார்கள் என்று சாந்தி சொன்னாள். தாராளமாக எழுதட்டும். என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் அத்தை, மாமா போனதும் வீட்டைப் பணம் எதுவும் வாங்காமல் மகனுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்தாள் அல்லவா? அந்தப் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும் கொடுத்தது, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டியது, எல்லாம் இருக்கிறது. அத்தை எங்கே இருப்பாள், அவளை யார் பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. இப்போது பின்கட்டில் இருக்கிறாள். மாடி வாடகை மகன் கணக்குக்குப் போகிறது. பிரஷர் மாத்திரைக்குக்கூட மருமகளிடம் கேட்டு நிற்கிறாள். நம்மை எத்தனை தடவை உட்காரவைத்துச் சோறு போட்டவள்! எனக்கு ஆறவே இல்லை.

அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுத்திருக்கிறோம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வக்கீல் இல்லாமலே மனு போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். 23ஆம் பிரிவுதான் முக்கியம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்து, பார்க்காமல் விட்டால் திரும்பி வரும். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே கோர்ட் சட்டத்தைத் தாராளமாகப் படித்து, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. அதே வருஷம் மார்ச்சில் நம் சென்னை ஐகோர்ட், நாகப்பட்டினத்து 87 வயது அம்மா வழக்கில், அன்பு பாசம் என்று எழுதியதே மறைமுகமான நிபந்தனைதான் என்றது. அத்தை அந்தத் தீர்ப்பைத்தான் நம்பியிருக்கிறாள். ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த வயதில் வாய்தாவுக்கு அலைய வேண்டாமே!

உன் தம்பி நல்லவன், மறுக்கவில்லை. எங்கள் அத்தை மகனும் சின்ன வயதில் தங்கமான பையன்தான். அம்மா ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கவும் வாடகையை எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, அவர்களைப் பராமரிக்க வேண்டியது அவன் பொறுப்பு, தவறினால் ரத்து செய்யலாம் என்று பத்திரத்திலேயே வரட்டும். நல்லவனுக்கு இதில் என்ன நஷ்டம்? அல்லது, உயிலாக எழுதி இரண்டு சாட்சி போட்டு வைக்கட்டும். உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

வாடகையை விட்டுவிடாதே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர்கள் படுத்துவிட்டால் பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள் வேண்டும். மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். வீட்டில் டயப்பர் மாற்றுகிற அம்மாளின் சம்பளம் அதில் வராது. அந்தச் செலவை இப்போதே பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மகள் என்பதால் நீ ஒதுங்கிக்கொள்ளாதே. அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்திதான்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. போன தடவை அம்மா என்னிடம் ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டார்கள். டாக்டரிடம் காட்டினாயா? தம்பிக்குப் பவர், அதாவது அம்மாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக்கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கொடுத்தவர் புத்தி தவறினால் நம் சட்டப்படி பவரும் அதோடு முடிந்தது. பிறகு பாங்கில் அவர்கள் பணத்தை எடுக்கவே கார்டியனாக நியமிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகும்படி ஆகலாம். தெளிவாக இருக்கும்போதே டாக்டர் சான்றிதழ் வாங்கி, அம்மாவை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள்.

வரைவுப் பத்திரம் தயாரானதும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. கையெழுத்துக்கு முந்தின நாள் ராத்திரி அனுப்பாதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

ஜெயா