மாப்ளைக்கு, வண்டியில் சாமான் ஏற்றுவது பற்றி

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி நல்ல வண்டி. செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இப்படிக் கிடைப்பது அதிர்ஷ்டம்தான், சங்கிலி ஓடுகிற ஸ்ப்ராக்கெட்டின் பல்கூட இன்னும் தேய்ந்து கூராகவில்லை. ஆனால் அதன்மேல் நீ ஏற்றி வைத்திருக்கிற சாமானைப் பார்த்தால் ஓசூரில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற மாதிரி இருக்கிறது. தங்கச்சி பார்த்தாளா, என்ன சொன்னாள்?

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், வண்ணார்பேட்டை பஸ் நெரிசலைப் பற்றித் தினமும் ஒரு புராணம் வாசிக்கிறாள். அம்மாவுக்கு முட்டு வலி, ஆனாலும் விடியக்காலை வாசல் தெளிக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். மேற்கே மலையில் சாரல் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டையில் வெயில்தான், காற்று மட்டும் புழுதியை வாரி அடிக்கிறது. அந்தக் காற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஆடியில் ஓசூரிலிருந்து வண்டியிலேயே இங்கே வந்து டென்ட் அடித்துத் தங்குகிற உன் திட்டத்துக்கு அதுதான் வில்லன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியப் பெட்டி வாங்கலாமா, துணிப் பை போதுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார். உன் படத்தில் டென்ட், அடுப்பு, தண்ணீர் கேன், டூல்ஸ் எல்லாமே பின் சக்கரத்து அச்சுக்கும் பின்னால், ரேக்கின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கும். முன்பக்கம் இலேசாகிவிட்டால் தொண்ணூறில் போகும்போது ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும், வளைவில் வண்டி நீ நினைத்த இடத்தில் திரும்பாமல் வெளியே ஒதுங்கும். உயரத்தில் வைத்த கனம் சிக்னலில் நிற்கும்போதும் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதும் உன் தொடையைப் பதம் பார்க்கும். வண்டியே 199 கிலோ, அதை மறந்துவிடாதே. நமக்கும் வயது ஏறிக்கொண்டுதானே இருக்கிறது.

சேரன்மகாதேவி ரோட்டில் விடியக்காலை வருகிற பால்காரர்களை நீயும்தான் பார்த்திருக்கிறாய். பக்கத்துக்கு ஒரு கேன், அடிப்பாகம் அச்சு உயரத்துக்கு இறங்கியிருக்கும், மேல்பாகம் ஓட்டுகிறவர் இடுப்பைத் தாண்டாது. ஊற்றும்போதுகூட ஒரு வீட்டுக்கு இந்தக் கேன், அடுத்த வீட்டுக்கு அந்தக் கேன் என்று மாற்றி மாற்றி ஊற்றிச் சமன் செய்துகொண்டே போகிறவர்கள் உண்டு. அத்தனை கனத்தோடு குண்டும் குழியுமான தெருவில் ஒற்றைக் கையால் ஓட்டுகிறார்கள். தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக, ஓட்டுகிறவனை ஒட்டி. பெரிய பெரிய கம்பெனிகள் பேனியர் என்று பக்கப் பெட்டி விற்கும்போது சொல்வதும் இதேதான், விலைதான் வேறு.

உன் வண்டியில் அதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. டாங்குக்கு இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் இருக்கிறதே, அதை அழகுக்கு வைத்திருக்கிறான் என்று விட்டுவிடாதே. ஒவ்வொன்றும் ஐந்தாறு லிட்டர் பிடிக்கிற சின்னப் பை இரண்டு கட்டி, இருப்பதிலேயே கனமான சின்னச் சாமான்களை அதில் போடு: ஸ்பேனர்கள், டயர் லீவர், காற்றடிக்கிற பம்ப், பூட்டுச் சங்கிலி, ட்யூப். ட்யூப் என்றதும் ஞாபகம் வருகிறது, நீ வாங்கி வைத்திருக்கிற பஞ்சர் கிட் ட்யூப்லெஸ் டயருக்கானது. உன்னுடையது ஸ்போக்ஸ் வீல், உள்ளே ட்யூப் இருக்கிறது, அந்தத் திரியும் ஊசியும் உனக்கு உதவாது. முன் சக்கரம் 21 இஞ்ச், அந்த அளவு ட்யூப் கயத்தாறிலோ வள்ளியூரிலோ பஞ்சர் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பி வராதே. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று கையோடு கொண்டுவா. அவ்வளவு கனமும் முன்னால் போய்விட்டாலே பின்பக்கத்துக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது பெட்டியா பையா. என்னைக் கேட்டால் பைதான். அலுமினியப் பெட்டி இரண்டும் அதற்கான சட்டமும் சேர்ந்து, உள்ளே ஒன்றுமே வைக்காமல், பத்துப் பதினைந்து கிலோ வந்துவிடும். அந்தக் கனத்துக்கு நீ டென்ட், படுக்கை, துணிமணி எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடலாம். அப்புறம் மண் ரோட்டில் காலை ஊன்றும்போது பின்னாலிருந்து வருகிற பெட்டி கணுக்காலை மடக்கும், துணிப் பை என்றால் நசுங்கிக்கொடுக்கும். பெட்டியின் அருமை தெரிவது ஊருக்குள் லாட்ஜ் வாசலில் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போதுதான், பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ வருவது தோப்பில் படுக்க. வாயைச் சுருட்டி மூடுகிற ரோல் டாப் பை வாங்கு. தனி மழை உறை போடுகிற பை வேண்டாம், உறை காற்றில் பறந்து போகும், இல்லாவிட்டால் சங்கிலியில் சிக்கும்.

பைக்குப் பின்னால் அதைத் தாங்குகிற கம்பிச் சட்டம், அதாவது ஸ்டே, கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் பை சக்கரத்துப் பக்கம் சாயும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. இங்கே மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துதருவார்கள். எங்கே செய்தாலும் சேஸிஸில் பற்றவைக்க விடாதே, ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளில்தான் மாட்ட வேண்டும். இடது வலது ஸ்டேக்களை நம்பர் பிளேட்டுக்குப் பின்பக்கமாக ஒரு குறுக்குக் கம்பியால் இணைக்கச் சொல். அது இல்லாத ஸ்டே கனம் ஏறியதும் குழியில் குதித்துக் குதித்து மெல்ல உள்ளே மடங்கும். நட்டுகள் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாக இருக்கட்டும், சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் சாதா நட்டு கழன்றுவிடும். சைலன்சர் வலது பக்கம் மேலே தூக்கி வருகிறது அல்லவா, அந்தப் பக்கப் பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளியாவது வேண்டும், ஒரு தகடும் வைத்துவிடு. கேஸ் கேனிஸ்டர் இடது பைக்குள்தான், இதில் பேச்சே இல்லை.

கட்டுவதற்கு நீ வைத்திருக்கிற கொக்கி ரப்பர் கயிறுகளைத் தூக்கிப் போடு. இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும், ஓடும்போது கழன்றால் பின் சக்கரத்தில் சுற்றிச் சக்கரத்தையே பூட்டும். பக்கிள் வைத்த நாடா இரண்டு மூன்று போதும். அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக்கொள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் கட்டுவது அதில்தான், பிடித்தால் விடாது. கட்டி முடித்ததும் தொங்குகிற நுனிகளை மடித்துச் செருகு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கு, துணிமணி அமுங்கிக் கட்டு தளர்ந்திருக்கும். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் நம்பர் பிளேட்டும் பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிறதா என்று தங்கச்சியைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பார்த்துக்கொள்.

கனம் ஏற்றியபின் வண்டியைப் பழைய அளவிலேயே ஓட்டாதே. பின் ஷாக்கை இறுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே ஏதாவது ஒரு புள்ளி வரை டேப் வைத்து அள. அப்புறம் சாமானோடு நீயும் ஏறி உட்கார்ந்து இன்னொருவரை அளக்கச் சொல். உன் வண்டிக்குப் பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற தூரம் 180 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். இறுக்காமல் விட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஹெட்லைட் எதிரே வருகிற லாரிக்காரர் கண்ணில் அடிக்கும். டயரில் காற்று, பின்னால் ஆள் உட்காரும்போது வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு. சங்கிலியையும் பார். கனத்தில், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்ம் மேலே ஏறி, முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கிற போல்ட்டும் பின் அச்சும் ஒரே நேராக வரும்போதுதான் சங்கிலி அதிகமாக இறுகும், வெறும் வண்டியில் விறைப்பாக வைத்திருந்தால் குழியில் விழும்போது பேரிங்குக்கு ஆகாது.

இனி காற்று. ஆடியில் மேற்கேயிருந்து வருகிற காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வரும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள். பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை நாற்கரச் சாலையில் காற்று பக்கவாட்டில் தள்ளும், லாரியைக் கடக்கிற கணத்தில் நின்றுவிட்டுத் திரும்ப ஓங்கி அடிக்கும். அந்த இடத்தில் உயரமான டாப் பாக்ஸும் அகலப் பெட்டியும் பாய்மரமாக வேலை செய்யும். உன் சாமான் ஹேண்டில் அகலத்துக்குள், உன் தோளுக்குக் கீழே இருந்தால் சமாளிக்கலாம். உவரிக் கடற்கரைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நிற்பதால் சொல்கிறேன், காலையில் சீக்கிரம் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தை மாதம் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் குற்றாலத்தில் தண்ணீர் விழும்போதுதான் வருவேன் என்கிறாயே.

விட்டுவிட்டு வர வேண்டியவை. பெட்ரோல் கேன் எதற்கு லே? உன் டாங்க் 15 லிட்டர், லிட்டருக்கு முப்பதை ஒட்டிக் கொடுத்தால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். லடாக்கில் இருக்கிற லே நகரத்துக்குப் போகிற வழியில் டாண்டியில் அடுத்த பம்ப் 365 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தார்களே, அங்கே போகும்போது மாட்டிக்கொள். ஓசூரிலிருந்து திருநெல்வேலி வரை பம்ப் பார்க்காத இடம் எங்கே இருக்கிறது? மடக்கு நாற்காலி வேண்டாம். குக்கர் வேண்டவே வேண்டாம். டீ போட ஒரு சின்ன அடுப்பும் ஒரு பாத்திரமும் போதும், ராத்திரிக்குப் பிரானூர் பார்டரில் பரோட்டா இருக்கிறது, பகலுக்குப் பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டால் சாயங்காலம் வரை தாங்கும். இந்தச் சீமையில் ஸ்லீப்பிங் பேக்கும் தேவையில்லை, ஒரு போர்வை போதும். காற்றடிக்கிற மெத்தைக்குப் பதிலாக உனக்குப் பத்தமடையில் ஒரு கோரைப் பாய் சொல்லிவைக்கிறேன். சாதாரணமாக நெய்கிற அகலத்தில் சுருட்டினால் ஹேண்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டடி அகலத்தில் கேட்டுப் பார்க்கிறேன். மெத்தைச் சுகம் அதில் வராது, ஆனால் இந்த வெக்கையில் ரப்பர் மெத்தையில் முதுகு ஒட்டிக்கொண்டு கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

டென்ட் அடிக்கிற இடத்தை என்னிடம் விட்டுவிடு. மாஞ்சோலைக் கனவை விடு, அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988லிருந்து. காட்டுக்குள் டென்ட் அடித்துப் படுக்க ஒருவனும் விடமாட்டான், விடவும் கூடாது. ஆற்று மணலும் வேண்டாம். கீழே நட்சத்திரம் தெளிவாகத் தெரியும், மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும், பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் பார்த்தோமே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கடையம் பக்கத்தில் சித்தப்பாவின் தோப்பு இருக்கிறது, மோட்டார் செட்டில் தண்ணீர், காவலுக்கு நாய். தென்னை மரத்தடியில் மட்டும் அடிக்காதே, மட்டையும் தேங்காயும் சொல்லிவிட்டு விழாது. திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஒரு ராத்திரி படுக்கலாம் என்றால், அங்கே கம்பி முளை நிற்காது. சின்னச் சாக்கில் மணல் நிரப்பிக் கயிறு கட்டிப் புதைக்க வேண்டும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கையளவு பலகைத் துண்டு ஒன்று கொண்டுவா, இல்லாவிட்டால் சாமானோடு வண்டி சாய்ந்துவிடும், அந்த மணலில் இரண்டு பேராலும் நிமிர்த்த முடியாது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போய்விட்டு வா. ஒவ்வொரு பையையும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, உன் எடையைக் கழித்து, இரண்டு பக்கமும் எவ்வளவு வருகிறது என்று எழுதி அனுப்பு. மூட்டையை மொத்தமாகக் கூட்டி, வண்டி எவ்வளவு தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார், அதில் உன் தொப்பையும் சேர்த்தி. தார்ப்பாய் வாங்காதே, என்னிடம் இருக்கிறது. அத்தையை விசாரித்ததாகச் சொல், மருமக்களிடமும் சொல். திரும்பிப் போகும்போது தங்கச்சிக்கு அல்வா வேண்டும் என்றால் இடது பையில் இரண்டு கிலோவுக்கு இடம் விட்டு வை, வலது பையில் வைத்தால் சைலன்சர் சூட்டில் மதுரை வருவதற்குள் நெய் தனியாக ஓடிவிடும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
பாளையங்கோட்டை