ஆண்டறிக்கை: வயதுவந்தோரின் இணையவழிக் கல்வியை வடிவமைப்போர் யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்வோருக்காக நமது சங்கம் நடத்திவரும் மாலைநேரப் படிப்பு வட்டம், இவ்வாண்டு பெரும்பாலும் இணையவழிப் பாடங்களையே பயன்படுத்தியது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். அப்பாடங்களை வடிவமைப்பவர் யார் என்பதைப் பற்றியே நான் கூற விரும்புகிறேன்.

2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் திட்டம் பொறியியல் மாணவரை மனத்தில் கொண்டு பிறந்தது. 2017 ஜூலையில் வந்த, மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் எவரும் கட்டணமின்றிச் சேரலாம் என்பது பெரிய நன்மைதான். ஆனால் வாரந்தோறும் ஒப்படைப்பு, பருவ இறுதியில் நேரில் சென்று எழுதும் தேர்வு என்னும் அதன் ஒழுங்கு கல்லூரி நாட்காட்டியைப் பின்பற்றுவது. இரவு ஷிப்ட் முடித்து வருபவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அது அவருடைய அக்கறைக் குறைவு ஆகாது.

வயதுவந்தோர் தம் பட்டறிவுடன் வகுப்புக்கு வருகிறார்கள், வாழ்க்கைக்கு உடனே உதவும் கல்வியையே நாடுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் சொல்லி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நமது வட்டத்தில் கண்டதும் இதுவே. கணினி விரிதாள் பாடத்தில் மதிப்பெண் பட்டியலை வைத்து விளக்கியபோது பின்தங்கிய செக்கிங் பிரிவுச் சகோதரிகள், அதே கூட்டலைத் தங்கள் பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்னும் கூலி) கணக்கில் போட்டுப் பார்த்தபோது, வாரச் சம்பளத்தைத் தாமே சரிபார்க்கும் அளவுக்குத் தேறினார்கள். அந்த மாற்றத்தைச் செய்தவர் காணொளி ஆசிரியர் அல்லர், உடனிருந்த தன்னார்வலரும் கேள்வி கேட்ட சகோதரிகளுமே.

2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய திறந்த இணையப் பாடத்தில், கற்போர் எழுதியவையும் பாடத்தின் பகுதியாயின. 2012இல் பெருகிய பெரிய இணையப் பாடத் தளங்களோ விரிவுரையைப் பார்க்கும் பழக்கத்தையே முன்னிறுத்தின. கற்போரும் பாடத்தை உருவாக்கும் முதல் வழியே நமக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, வரும் ஆண்டுக்கான பாடத் தேர்வுக் குழுவில் படிப்பவர்களே பாதிக்குக் குறையாமல் இடம்பெறவும், அவர்கள் தம் பேச்சுத் தமிழில் தரும் விளக்கங்களைப் பதிவுசெய்து வைக்கவும், சான்றிதழுக்கான தேர்வுக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்