கப்பல் பட்டியலில் நம் ஊர்க்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். போனார், கடுதாசியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது என் பேத்தி அவரை ஆங்கிலேயர் காலத்துக் கப்பல் பட்டியலில் கண்டுபிடித்திருக்கிறாள். தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் இருக்கின்றன. அடையாளத்துக்காக உடம்பிலிருந்த தழும்பைக்கூடக் குறித்திருக்கிறார்கள். இடது முழங்காலில் தழும்பு என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூலி எண் போட்டு அனுப்பியவர்கள் எழுதி வைத்ததுதான், ஆனாலும் எங்களுக்கு அவரைப் பற்றி வேறு எதுவும் இல்லையே.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களின் வாரிசுகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் தேடினால் 'தென்னாற்காடு' என்ற இடத்தில் குழம்பிப்போவார்கள். திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அந்த ஒரே ஜில்லாவில் இருந்தவை. 1993-இல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது.

பழைய தாலுகா வாரியான ஊர்ப் பட்டியலையும், ஒவ்வோர் ஊரும் இன்று எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதையும் மாவட்ட நிர்வாகம் இணையத்தில் போட வேண்டும். அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நம் ஜில்லாவின் பழைய நிலப் பதிவேடுகளை எப்படிப் பார்ப்பது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கடலூர் முதுநகர்.