வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து அப்பாவுக்கு

வுல்வர்ஹாம்ப்டன்
இங்கிலாந்து
ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

போன வாரம் போனில், இந்த ஊர் பீர் ஆலையை மூடப்போகிறார்கள் என்று சொன்னேன். "சாராயக் கம்பெனிதானே, மூடினால் நல்லதுதானே" என்று அம்மா கேட்டாள். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் தெருமுனை டாஸ்மாக் எத்தனை வீட்டைக் கெடுத்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்த உங்களுக்கு இது புரியும்.

ஆலை இருப்பது சேப்பல் ஆஷ் பக்கம், ஊர் நடுவிலிருந்து நடந்தே போய்விடலாம். பார்க் புரூவரி என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு வெறும் 'பேங்க்ஸ்'. 1875-இல் கட்டியது, இந்த வருஷத்தோடு 150 வருஷம். காய்ச்சுகிற நாளில் தெருவெல்லாம் வாசம் அடிக்கும். அம்மா முளைகட்டி வறுத்த கேழ்வரகில் கஞ்சி வைத்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசம். முளைவிட்ட பார்லியைக் காயவைத்து உடைத்து, 65 டிகிரி வாக்கில் சூடான தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். வடிகிற இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். பீப்பாயில் அடைத்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். பப்பில் பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும்.

இவர்களுடைய 'மைல்டு' பீரில் ஆல்கஹால் 3.5 சதவீதம்தான். இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் வார்ப்படப் பட்டறைகளும் பூட்டுத் தொழிலும். உலைக்கு முன்னால் நின்று வேர்த்தவர்கள் ஷிப்ட் முடிந்து குடித்தது இது. 1950, 60-களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்களும் அதே பட்டறைகளில்தான் சேர்ந்தார்கள். ஆனால் பக்கத்து ஸ்மெதிக்கில் அப்போது பல பப்களில் அவர்களுக்கு இடம் கிடையாது. இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே நேரில் வந்து பார்த்தார். இன்றைக்கு இந்தப் பக்கம் பஞ்சாபிகளே நடத்துகிற பப்கள் நிறைய. சூடான இரும்புத் தட்டில் வெங்காயத்தின் மேல் கோழியும் ஆட்டுக்கறியும் புகைந்துகொண்டே வரும். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் டோமினோ ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரே பைண்ட் பீரை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசுகிறார்கள் அப்பா. அம்மா மனதில் இருக்கிற கடை வேறு, இது வேறு.

சரி, ஏன் மூடுகிறார்கள்? ஆலையை நடத்திய உள்ளூர்க் கம்பெனி 1999-இல் பர்ட்டன் ஊரின் மார்ஸ்டன்ஸ் பீர் கம்பெனியை வாங்கி, பிறகு அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. 2020-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்கோடு கூட்டுச் சேர்ந்தது. அவர்களுக்கு 60 சதவீதம், இவர்களுக்கு 40. 2024 ஜூலையில் அந்த 40-ஐயும் கார்ல்ஸ்பெர்க்கிடமே 20.6 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, பப்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. நவம்பரில் மூடுகிற அறிவிப்பு வந்துவிட்டது. வருகிற இலையுதிர் காலத்தோடு சரி. 97 பேர் வேலை ஆட்டம் காண்கிறது.

இந்த வகை பீப்பாய் பீர் குடிப்பவர்கள் வருஷாவருஷம் குறைகிறார்கள் என்பது உண்மைதான். சான் மிகுவல் பீரைக் காய்ச்சி விற்கும் உரிமையும் கார்ல்ஸ்பெர்க்கிடமிருந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் ஓர் ஆலை அதிகம். ஆனால் எந்த ஆலை அதிகம் என்று முடிவு செய்கிறவர்கள் இந்த ஊரில் இல்லை. எனக்குக் கோபமே அங்கேதான். லீட்ஸ் நகரத்தில் 1822-லிருந்து இருந்த டெட்லி ஆலையையும் 2011-இல் இதே கார்ல்ஸ்பெர்க்தான் மூடியது. அப்போது டெட்லியின் பீப்பாய் பீரைக் காய்ச்ச அனுப்பியது எங்கே தெரியுமா? இங்கே, வுல்வர்ஹாம்ப்டனுக்கு. இப்போது இந்த ஊரின் முறை.

வெளிநாட்டுக்காரன் மட்டும்தான் இப்படி என்று சொல்லவில்லை. பக்கத்து டட்லியில் இருந்த ஹான்சன்ஸ் ஆலையை 1991-இல் மூடியது இந்த உள்ளூர்க் கம்பெனியேதான். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அதைச் சொன்னார். பேங்க்ஸில் நொதிக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். தொட்டியில் ஈஸ்ட் நுரையாக மேலே எழும்புமாம். அதை வழித்து அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பார்களாம். கையை அகட்டி, நுரை எவ்வளவு உயரம் நிற்கும் என்று காட்டினார். எத்தனையாவது நாள், என்ன நிறம், எப்போது வழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த ஈஸ்ட்டை இன்னொரு ஊருக்கு எடுத்துப் போய்விடலாம். பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த வேலையை எப்படி எடுத்துப் போவது?

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த ஆலை மூடுவதால் யாரும் ஒரு சொட்டு குறைத்துக் குடிக்கப்போவதில்லை. அதே பெயரை ஒட்டி வேறு ஊரில் அடைத்து லாரியில் கொண்டுவருவார்கள். நல்ல சம்பளமும் யூனியனும் உள்ள வேலைதான் ஊரைவிட்டுப் போகிறது. 1927-லிருந்து இருந்த குட்இயர் டயர் ஆலையையும் 2016-இல் இழுத்து மூடிவிட்டார்கள். இதற்குப் பிறகு பையன்களுக்கு இங்கே மிச்சம் கிடங்கு வேலையும் டெலிவரி வேலையும்தான்.

அப்புறம், பாய்லர் பார்த்த உங்களைப் பற்றி அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை ஆலையில் எரிக்க என்ன போடுவீர்கள் என்று கேட்டார். கரும்புச் சக்கை என்றேன், நம்பவே இல்லை. அரவை நாளில் பாய்லருக்கு முன்னால் நீங்கள் நிற்கிற அந்தப் பழைய போட்டோவைத் தம்பியிடம் கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்